ஏழாம் நம்பர்

காப்புறுதிப் பாரத்தில் மூன்றாவது கட்டம்:
தயாரிக்கப்பட்ட வருஷம்.

பென்சிலும் ஒரு தாளுமாகப் பட்டறைக்குப் போனேன்.
ஏழாம் நம்பர் குழிமேல் நின்றது,
ஒரு பக்க மூடி கழற்றி,
பல் பிடுங்க வந்த ஆள் மாதிரி.

கண்ணாடிக்குக் கீழே பித்தளைத் தகடு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து
என்பது வரை தெரிகிறது.
கடைசி எண்
ஆறா, எட்டா?
ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும்
புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து
பிறந்த வருஷத்தையே கரைத்துவிட்டார்கள்.

ஸ்டோர் பேரேட்டில் கணக்கு வேறு.
முதல் இன்ஜின் எழுபத்து நாலில் செத்தது.
இரண்டாவது
மீன்பிடிப் படகிலிருந்து கழற்றி வந்தது.
முதல் மாதம் முழுக்கப்
புகையில் நெத்திலி வாடை என்று
குலை ஏற்றுகிறவர்கள் சத்தியம் செய்தார்கள்.
இப்போது உள்ளே இருப்பது லாரி இன்ஜின்.
சக்கரம் ஐந்து முறை மாறியது.
பிரேக் கட்டைக்குக் கணக்கே இல்லை,
பால்மரங்களைச் சாய்த்த வருஷம்
அந்தப் பலகையிலேயே செதுக்கிக்கொண்டார்கள்.
ஹாரன் இரண்டாம் நம்பருடையது.
சீட்டு, இடித்த சினிமாக் கொட்டகையில் எடுத்தது,
இரண்டாம் வகுப்பு.

பழசில் மிச்சம்
சட்டமும் இந்தத் தகடும்தான்.

நாலரைக்கு மூன்றாம் டிவிஷன்.
மழை பெய்த கரிமண்ணில்
தண்டவாளம் பாய்போல அமுங்கி எழும்.
இருபது பெட்டி, பெட்டிக்கு ஒன்றரை டன் பழக்குலை.
அடைக்கலம் வழிநெடுக வண்டியைத் திட்டிக்கொண்டே வருவார்.
திட்டு நின்றால்
பெட்டி தடம் புரண்டது என்று
ஆலையில் இருக்கும் எங்களுக்குத் தெரியும்.

சந்தை ரோட்டைக் கடக்கும்போது
பள்ளிக்கூட பஸ் நிற்கும்,
ரொட்டி சானாய் வாங்கப் போகிற மோட்டார் சைக்கிள்கள் நிற்கும்,
போலீஸ் ஜீப்பும் நிற்கும்,
அடையாள அட்டை இல்லாத ஒரு மனிதர்
இருபத்தோரு வண்டி நீளத்துக்குப் போய் முடிகிற வரை.

பாரத்தின் இரண்டாம் பக்கம்:
ஓட்டுநர் பிறந்த தேதி.

அவரிடம் இருப்பது
மனுக் கொடுத்த துண்டுச்சீட்டு ஒன்று, பிளாஸ்டிக் உறையில்.
அந்த வருஷத்துச் செக்ரோல் வெள்ளத்தோடு போயிற்று.
அம்மா சொன்னது மட்டும் உண்டு:
ஏழாம் நம்பரைத் தொங்காங்கிலிருந்து இறக்கிய அன்று
நீ பிறந்தாய்.
லயமே இன்ஜின் பார்க்க ஆற்றங்கரைக்கு ஓடியது,
மருத்துவச்சி உட்பட.

இது பதினாறாம் வருஷம்.
அறுபது ஆனால் ஆளுக்கு ஓய்வு,
வண்டிக்கு இரும்புக்கடை.
ஆ கியோங் இரண்டு முறை வந்து
தர்பூசணியைத் தட்டுவதுபோல்
சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.
ஆறு என்றால் இந்த டிசம்பர்.
எட்டு என்றால் இன்னும் இரண்டு வருஷம்.

தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன்.
சாம்பல் நிறத்தில்
ஒரு வயிறு தெரிந்தது.
மேலே தலை
மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா,
அது பென்சில் பிடித்த கையைப் பொறுத்தது.

"எட்டு போட்டுவிடட்டுமா, ரெண்டு பேருக்கும்?"

இன்ஜினுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல் அடைக்கலம்:
"வண்டிக்கு எட்டு போடும்மா.
எனக்கு ஆறு.
முட்டி ரெண்டும் போச்சு."

"அப்ப உங்க அம்மா சொன்னது?"

"அம்மா எங்க பார்த்துச்சு?
அதுதான் படுத்துக் கெடந்துச்சே.
வந்தது அஞ்சாம் நம்பராக்கூட இருக்கும்."

ஸ்டார்ட்டர் மூன்று முறை இருமியது.
நாலாவதில் பிடித்தது.
வந்த காற்றில் என் தாள் பறந்து
டீசல் குட்டையில் மிதந்தது,
ஆறும் எட்டும் ஒன்றாக ஊறி.

மூன்றாவது கட்டத்தில் எட்டு எழுதினேன்.
இரண்டாம் பக்கம்
இன்னும் மேசையில் இருக்கிறது.