கீழுதட்டில் ஒரு பயணி

ஒரு சோற்றுப் பருக்கை அளவுதான்.
நடுவில் வெளுப்பு, சுற்றிலும் சிவப்பு.
கீழுதட்டின் உட்பக்கம்
விசில் வந்து உட்காரும் அதே இடத்தில்
இந்த வருஷம் நான்காவது முறையாக
ஏறி உட்கார்ந்திருக்கிறது, டிக்கெட் எடுக்காமல்.

கோத்தகிரி நிலையம். விடிகாலை ஐந்தே முக்கால்.
குல்லாவுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு
ஏறுகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே:
"உடம்புச் சூடு, கண்டக்டரே."
சில்லறை எண்ணும் விரல் மரத்துப்போகும் ஊரில்
எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது
இத்தனை சூடு?

தேங்காய்ப்பால் என்றார் தபால் பைக்காரர்.
கேரட் மூட்டை மேல் வைத்திருந்த மணத்தக்காளிக் கீரையில்
ஒரு கட்டு எடுத்து நீட்டினாள் மாதி.
வாங்கிக்கொண்டேன். கூட்டு நன்றாக இருந்தது,
புண் இருந்த இடத்திலேயே இருந்தது.
ஓட்டுநர் போஜராஜன் கண்ணாடி வழியே பார்த்து
"யாருகிட்ட என்ன பொய் சொன்னே?" என்றார்.
சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அரவேனு லேசாக உரசிவிட்டுப் போகும்.
குஞ்சப்பனை நடுவழியில் உதட்டை அழுத்திப் பிடிக்கும்.
மேட்டுப்பாளையமோ
முதல் எழுத்திலேயே வாயை மூடச் சொல்லிவிட்டுப்
பாதியில் இன்னொரு தடவை அறையும்.
பவும் மவும் எங்கே பிறக்கின்றன என்று
எட்டாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நின்றும் தெரியாதது
இப்போது தெரிகிறது.
"போலாம்" வலிக்கும். நல்லவேளை,
"ரைட்" வலிக்காது.

நான்காம் நாள் நான் வாயே திறக்கவில்லை.
வளைவுக்கு வளைவு நிறுத்தத்தின் பெயரைப்
பின் சீட்டுப் பையன்கள் கத்தினார்கள்,
என் குரலிலேயே, கொஞ்சம் மூக்கால்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் ஹெப்சிபா
டார்ச் அடித்து உதட்டை மடக்கிப் பார்த்தார்.
எத்தனை நாளில் ஆறுகிறது? இடம் மாறுமா?
கண் சிவக்குமா? வயிற்றுப்போக்கு?
புகையிலை?
கீழே எங்காவது புண் வருவதுண்டா?
கடைசிக் கேள்விக்குச் சுவர்க் காலண்டரைப் பார்த்து
"இல்லை" என்றேன்.
பிறகு அவர், எழுதிக்கொண்டே,
"இது யாருக்கும் ஒட்டாது" என்றார்.

ஒட்டாதா?
வீட்டில் என் டம்ளர் தனி ஆணியில் தொங்குகிறது.
நானே அடித்த ஆணி.
மகளுக்கு மூன்று வயது முடியப்போகிறது,
உச்சந்தலையை மோந்ததோடு சரி.

ரத்தத்தில் இரும்பு குறைவாம்.
நாளெல்லாம் இரும்புக்குள் நிற்கிறவனுக்கு!
மாத்திரை கொடுத்தார்கள்.
நுரை பொங்காத பற்பசை, மெத்தென்ற பிரஷ்,
வெதுவெதுப்பாய் உப்புத்தண்ணீர்,
இரவு படுக்கும் முன் புண்ணை ஒற்றித் துடைத்து
மிளகளவு களிம்பு.
வரும் தேதியைக் குறித்து வை என்றார்.
"மூணு வாரம் தாண்டியும் ஆறலேன்னா
வலி இல்லாட்டியும் வந்துடணும்."
"எதனால டாக்டர் வருது?"
"பாதிப் பேருக்கு எங்களுக்கே தெரியாது."
அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.
இதுவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று இரவு டம்ளரைக் கழற்றிக் கொடுத்தேன்.
பால் குடித்துவிட்டு மீசையோடு வந்தாள்.
கன்னம், நெற்றி, மறுபடியும் கன்னம்.
வலித்தது. வலிக்கட்டும் என்று
இன்னொன்று.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ,
மேட்டுப்பாளையத்தில் வண்டி திரும்பும் இடைவேளையில்
கொதிக்கக் கொதிக்க டீ.
பாதி டம்ளர் காலியான பிறகுதான் உறைத்தது,
எதுவும் உறைக்கவில்லை என்பது.
எந்த வளைவில் இறங்கியது?
விசில்கூட அடிக்கவில்லையே நான்.

டிக்கெட் நோட்டின் பின்னட்டையில் தேதி போட்டேன்.
மேலே மூன்று தேதிகள், யோசித்து யோசித்து எழுதியவை.
ஒன்று சம்பளம் தள்ளிப்போன வாரம்.
ஒன்று பிரஷ் மாற்றிய வாரம்.
மற்றது ஒன்றுமே நடக்காத, நல்ல வெயில் அடித்த வாரம்.

போஜராஜன் ஹாரன் அடிக்கிறார்.
மேலே ஏற வேண்டும்.
நாக்கு மட்டும் இன்னும்
கீழுதட்டின் உள்ளே போய்ப் போய்
அந்த இருக்கையைத் தடவிப் பார்க்கிறது.