தாடைக்குக் கீழே பச்சை

வடக்கு சன்னலருகே நாற்காலி.
இரவுப் பணி முடிந்து
மன்னார்குடி பஸ்ஸில் நேரே வந்திருக்கிறாள் அமலோற்பவம்,
டெட்டால் வாசனையோடு.

கன்னத்துக்கு வெள்ளையும் காவியும் போதும்.
தாடைக்குக் கீழேதான் சிக்கல்:
அங்கே நிழல் கறுப்பில்லை,
பச்சை.
வெளியே சம்பாப் பயிர்
தேங்கிய தண்ணீரோடு சேர்ந்து
எட்டிப் பார்க்கிறது.

தள்ளி நின்று பார்த்தாள்.
"செத்து ஒரு நாளான மாதிரி இருக்கேன்.
நான் பாத்திருக்கேன்ல."

ஐப்பசி, கார்த்திகை. அடைமழை.
எண்ணெய் காய்வேனா என்றது.

தை கடைசியில் மறுபடி உட்கார்ந்தாள்.
அறுத்த வயல், வைக்கோல் வெளிச்சம்;
அதே தாடையில் இப்போது மஞ்சள்.

தூரிகை நுனியில் எடுத்துவிட்டேன்.
படத்தில் பச்சை அசையவில்லை.

துணியில் துடைத்தேன்.

அவள் கொட்டாவி விட்டாள்:
சன்னல் முழுவதும் ஒரு கணம்
வாய்க்குள் போய் வந்தது.