விச்சூர் தாண்டி

வாரத்தில் ஆறு நாள்
நாற்பதடிப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு
எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கிறவன் நான்.
விரைவு என்று பெயர் வைத்தவன்
ஒரு தடவை வந்து என் பக்கத்து சீட்டில் உட்காரட்டும்.
முன்னால் நிற்கும் பெட்டியின் கதவில்
ஏதோ ஒரு நாட்டு எழுத்து. படிக்கத் தெரியாது.
அதன் துரு எந்தெந்த மூலையில் என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

இன்று ஞாயிறு. மழை விட்டு இரண்டாம் நாள்.
ஐந்தரைக்கு மாதவரம் மேம்பாலத்தடியில் நான்கு வண்டிகள்:
தணிகாசலம் ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப்,
கயிறு போட்டுக் கட்டிய கதவோடு மஸ்தானின் ஜிப்சி,
நானும் ஏகாவும் பாதிப் பாதி போட்டு வாங்கிய மேஜர்.
ரெஜினா கொண்டுவந்தது அவள் அண்ணனுடைய பொலிரோ.
"சர்வீஸ் வுடப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள்,
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்,
ஒரு பைசா பொய் எழுதாதவள்.

டயர்களில் காற்றை இறக்கினோம்.
"பதினெட்டு போதும். தொளதொளன்னு இருந்தாதான்
சேத்தைப் புடிக்கும்."
காற்று பார்க்கிற மீட்டர் தணிகாசலத்திடம் மட்டும்தான்.
அதனாலேயே அவன் தலைவன்.

விச்சூர் தாண்டித் தார் தீர்ந்துபோனது.
இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்.
களிமண்ணும் யாரோ கொட்டிப்போன சாம்பலும்
குழைந்து கிடந்த தடம் ஆற்றுப் பக்கம் இறங்கியது.
தூரத்தில் ஆலையின் சுவாலை,
விடிந்ததைக் கவனிக்காமல் எரிந்துகொண்டு.

முதல் குழியில் சரிந்தபோது
வயிறு தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.
"ஸ்டியரிங்கை நெரிக்காதடா,
அதுவே வழி தேடிக்கும்" என்று கத்தினான் ஏகா.
கண்ணாடி முழுக்கச் சேறு.
வைப்பர் அதை இன்னும் நன்றாகப் பூசிவிட்டது.
மூன்றாவது கியர் வரைக்கும் போனேன்.
மூன்றாவது!
யாரிடம் சொல்ல இதை.

வெள்ளிவாயலுக்குப் பிரியும் இடத்தில் தடமே குளம்.
லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர்
ரோட்டில் வலை போட்டு
மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.
"எங்க போறீங்க?"
"எங்கயும் இல்லண்ணே. சும்மா."
"எங்கயும் போவாததுக்கு இந்த வழியிலயா வந்தீங்க?"
வலையைச் சுருட்டி ஒதுங்கியவர்,
"அந்தக் கம்பத்துக்கு எடதுபக்கம் போவாத, ஆழம்" என்றார்.
தலைவன் இடதுபக்கம் போனான்.

அச்சு வரைக்கும் புதைந்தது ஜீப்.
அதை இழுக்கப் போன ஜிப்சியும் புதைந்தது.
ஜிப்சியை இழுக்கப் போன எங்கள் மேஜர்
அதற்குப் பக்கத்திலேயே.

மேட்டில் நின்ற ரெஜினா கயிறு தேடிய பத்து நிமிடம்
எஞ்சினை அணைத்தேன்.
வரிசையில் நான் அணைப்பதே இல்லை.
ஒரு வண்டி நீளம் இடம் விட்டால்
எவனாவது மூக்கை நுழைப்பான்.
தூக்கத்திலும் என் வலது கால்
எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும் என்பாள் மனைவி.
இங்கே எனக்குப் பின்னால் யாரும் இல்லை.
தவளை ஒன்று பானட்டில் ஏறி
சூடு தாங்காமல் குதித்தது.
வலது கால் சும்மா இருந்தது.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிற்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது என்று
ஏகாவிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அவன் சேற்றுக்குள் கையை விட்டு
ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

விசைப்படகுக் கயிறு. பொலிரோவின் கொக்கி.
"எல்லாரும் வாய மூடுங்க" என்றாள்.
முதலில் மேஜர், பிறகு ஜிப்சி, கடைசியாகத் தலைவன்.
ஒவ்வொரு தடவையும் எலும்பை உறிஞ்சுகிற சத்தம்.
யாரும் கேட்காமலே தணிகாசலம்
மீட்டரை அவளிடம் நீட்டினான்.

எர்ணாவூர் பாலத்தடி வாட்டர் சர்வீஸில்
பையன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பீய்ச்சினான்.
"எந்த ஊர்லேர்ந்துண்ணா வர்றீங்க?"
"இதே ஊருதான்டா."
பொலிரோவின் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்
அவன் குழாயைத் திருப்பியபோது
ரெஜினா கையைக் குறுக்கே வைத்தாள்.
"அங்க மட்டும் வேணாம். இருக்கட்டும்."

நாளைக்கு எனக்கு இரவு லோடு.
டோக்கன் நானூற்றுப் பன்னிரண்டு.