மூன்று புள்ளி ஆறு

பொழுதோட ஆறு மணிக்கு டீ வரும்.
அதற்குள் ஒரு டாக்டரைப் பிடித்துவிட வேண்டும்.

ஜெர்மனிக்குப் போகிற பனியன் மூட்டைமேல்
பண்டல் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன்.
தூரமாகி இருபத்து மூன்று நாள்.
இன்னும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நேரில் போனால் ஒரு நாள் கூலி போகும்.
டோக்கன் போடுகிறவன் "என்னங்க பிரச்சனை?" என்று
திருப்பூருக்கே கேட்கிற மாதிரி கேட்பான்.
போனில் கேட்கிற கட்டத்துக்கு வாய் இல்லை.
'மகளிர் நலம்' என்று தொட்டேன்.
நாற்பத்தோரு முகம் வரிசையாக வந்து நின்றது.

பதினோரு வருஷமாக என் வேலையே இதுதானுங்க.
வருகிறதை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது;
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம்,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவது.
மணிக்கு நூற்றிருபது பீஸ்.
டாக்டர்களையும் அந்த வேகத்தில்தான் தள்ளினேன்.

முதல் ஆள் நவநீதன், நாலு புள்ளி ஒன்பது.
ஆம்பளை.
அடுத்த அம்மாவுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு, பூஞ்சாடி,
லண்டன் படிப்பு.
பேசும் மொழி: இங்கிலீஷ், இந்தி.
எனக்கு வலிக்கிறது பல்லடத்துப் பேச்சில்.
தள்ளு.
நூற்றித் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு ஒருத்தர் இருந்தார்.
காதர்பேட்டையில் சல்லிசாகக் கிடைக்கிற சட்டையை
நாங்கள் எதற்காக ஒதுக்கினோம் என்று
எனக்கல்லவா தெரியும்.
இன்னொருத்தருக்கு எண்ணூறு பேர்
ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.
அருமையான டாக்டர், அருமையான டாக்டர், அருமையான டாக்டர்.
ஒரே ரோலில் வெட்டிய துணி.
நெசமான துணியில்
எங்காவது ஒரு முடிச்சு இருக்கும்.

சுலைகா பேகம். மூன்று புள்ளி ஆறு.
போட்டோவில் சிரிக்கவில்லை,
ரேஷன் கார்டுக்குப் பிடித்த படம் மாதிரி.
வீட்டுக்காரருக்கு அனுப்பினேன்.
"எந்த ஊராம்? யாரு ஊட்டு ஆளுக?" என்று கேட்டிருந்தார்.
அதுக்கெல்லாம் இங்கே கட்டம் இல்லைங்க என்று போட்டேன்.
பொய்.
பேரே கட்டம்தான்.
நானும் அந்தப் பேரை முதலில் ஒரு தடவை
தாண்டித்தான் போயிருந்தேன்.

கீழே, ஊஞ்சலூரிலிருந்து யாரோ
ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியிருந்தார்:
"ஏழு மணிக்கு நேரம் குடுத்துட்டு
ஏழே முக்காலுக்கு வந்தாங்க.
கேட்டா, முன்னால இருந்த பொம்பளை அழுதுச்சாம்.
அதுக்கு நான் என்ன பண்றது?"

அம்பு ஒட்டக் கை போனது.
பாதியிலேயே நின்றது.
இன்னொரு தடவை படித்தேன்.
முந்நூற்றைம்பது ரூபாய் கட்டினேன்.

டீ ஆறிவிட்டது.
சூப்பர்வைசர் மயிலானந்தன் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டான்.
திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.
மருத்துவர் இன்னொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.
ஆறு பத்து.
ஆறு இருபத்தைந்து. சார்ஜ் பதினாலு.
காங்கேயமோ, கரட்டடிபாளையமோ,
எனக்கு முன்னால் யாரோ ஒருத்தி
இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

"சித்தெ சீக்கிரம் அழுது முடி, அம்மணி"
என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
மூட்டைகளுக்கு மட்டும் கேட்டிருக்கும்.
இருந்தாலும் வெட்கமாகப் போயிற்று.
என் முறை வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று
நானே இன்னும் யோசிக்கவில்லை.

சார்ஜ் பதினொன்று.
விரல் நுனியில் காலையிலிருந்து ஒட்டிக் கிடந்த
சிவப்பு அம்பைப் பிய்த்து
சுடிதார்மேல், அடிவயிற்றுக்கு இடப்பக்கம்
ஒட்டிக்கொண்டேன்.
கூர் கொஞ்சம் தள்ளியிருந்தது.
எடுத்து,
சரியாக வைத்தேன்.