கழிவு

முகத்துவாரம் மீன்துறை. விடிய நாலு மணி.
தராசில் ஏறுகிறது அறுக்குளாப் பெட்டி.
"பெட்டிக்கு நாலு கிலோ கழி" என்கிறார் முதலாளி.

காய்ந்தால் அது மூன்றுதான்.
மலைவேம்புப் பலகை,
ராவெல்லாம் ஐஸ் உருக உருகக்
குடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

அந்த ஒரு கிலோவுக்கு
ஜெசிந்தா பிடிக்காத சண்டையில்லை.
இன்று வாயே திறக்கவில்லை.

கழுத்தில் அட்டை தொங்க
யாரோ ஒரு பொடியன்
செதில் ஒட்டிய படிவத்தோடு நிற்கிறான்.
மாகாண வருமானத்தில்
காடு எவ்வளவு, கடல் எவ்வளவு?
இரண்டுக்கும் ஒரே கட்டம்.

"எழுதிக்குங்க தம்பி" என்கிறாள்
முதலாளி காதில் விழும்படி,
"கடல்ல புடிச்சதில
பெட்டிக்கு ஒரு கிலோ
காட்டுக்குப் போவுது."

பேனா நிற்கிறது.
முதலாளி தொண்டையைச் செருமுகிறார்.

"சரி, மூன்றரை."