எலுமிச்சம்பழ அளவு

சத்துவாச்சாரி, பேஸ் டூ.
மருந்துக் கடைக்கு மேல் மாடி.
காலை ஆறேகாலுக்கே சுவர் கொதிக்கிறது.
ஏழு பாய், ஒரு பெடஸ்டல் பேன்,
கை எட்டும் தூரத்தில் சுவரோடு ஏழு நாற்காலி.
செருப்பைக் கழற்றுமுன் ஸ்கேன் தாளைக் காட்டவேண்டும்,
பணம் அப்புறம்.

ஹெலன் சுகிர்தா, மைனஸ் இரண்டு புள்ளி ஆறு.
கமருன்னிசா, மைனஸ் மூன்று.
பத்மாசனி டீச்சர் தாளை விசிறியாக்கிக்கொண்டு சொல்கிறார்:
"முப்பத்தொரு வருஷம் பசங்களுக்கு மைனஸ் போட்டேன்,
மொத்தமா எலும்புல திருப்பிட்டாங்க."
எல்லாரும் சிரிக்கிறார்கள்.
எனக்கு நாற்பத்தெட்டு. நான் இன்னும் எடுக்கவில்லை.

சென்னையில் பத்து ஞாயிற்றுக்கிழமைகளில்
பிலாட்டிஸ் படித்தேன்.
முதுகை வில்லாக்கு, முழங்காலைக் கட்டிப் பந்தாய் உருள்
என்றது கையேடு.
படத்தில் இருந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
அதை அப்படியே கொண்டுவந்து இந்த மாடியில் விரித்தேன்.

முதல் வருடம், ஆடி, மூன்றாவது பாயில் வேதவல்லி.
"ஒவ்வொரு எலும்பா எழுந்திருங்க" என்றேன்.
அப்பளம் நொறுங்கிய மாதிரி என்று எழுதலாம்.
பொய்.
சத்தமே இல்லை.
பாதி எழுந்தவர் மெதுவாகப் படுத்து
"கொஞ்சம் இரும்மா" என்றார். அவ்வளவுதான்.
எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு
முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது.

இப்போது இங்கே முன்னால் சுருள்வது இல்லை.
உருள்வது இல்லை.
குனிந்தபடி திரும்புவது இல்லவே இல்லை.
கவிழ்ந்து படுங்கள், நெற்றிக்கு மடித்த துண்டு.
மார்பெலும்பைத் தூக்குங்கள்,
கீழே ஒரு எலுமிச்சம்பழம் நுழைந்தால் போதும்.
எலுமிச்சை, ஹெலன். சாத்துக்குடி இல்லை.
மூச்சு வெளியே போகும்போது
வயிறு முதுகைத் தேடிப் போகட்டும்,
முதுகு வயிற்றைத் தேடி வரவேண்டாம்.

இறங்கி நெற்றி துண்டைத் தொட்டதும்
கமருன்னிசா மட்டும் சற்று நேரம் அங்கேயே இருக்கிறார்.
ஒரு வருடமாக நாற்காலியில் அமர்ந்துதான் தொழுகை.
"தரை ஞாபகம் வருது" என்று ஒருநாள் சொன்னார்.
அந்த இடத்தில் நான் எண்ணுவதை நிறுத்திவிடுவேன்.

ஒற்றைக்கால்.
இரண்டு விரல் நாற்காலியைத் தொடட்டும்.
பிடிக்கவும் கூடாது, விடவும் கூடாது,
மருமகள் சமையலில் நீங்கள் இருப்பதாகச் சொல்லிக்கொள்வீர்களே, அப்படி.
சிரிப்பில் நான்கு கால்கள் தரைக்கு வந்துவிட்டன.

"போன்ல ஒருத்தி பந்து மாதிரி உருள்றா.
எனக்கும் வரும்" என்கிறார் டீச்சர்.
வரும் டீச்சர், உங்களுக்கு நன்றாகவே வரும்.
அதுதான் என் பயம்.

கடைசியாகத் துடைப்பக்கட்டை.
பின்மண்டை, தோள்களின் நடு, வால் எலும்பு,
மூன்றும் கட்டையை விடாமல் இடுப்பில் மட்டும் மடங்கவேண்டும்.
இரண்டு கையிலும் புடவை அடுக்கு,
பீரோ கதவு திறந்து கிடக்கிறது,
எதால் சாத்துவீர்கள்? அதேதான்.

போன ஞாயிறு டோல்கேட் உழவர் சந்தையில்
முள் கத்தரிக்காய்க் குவியல் முன்னால்
யாரோ பீரோ சாத்திக்கொண்டிருந்தார்.
முதுகு பலகை, முழங்கால் இளக்கம்,
காம்பைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கும் விரல்கள்.
வேதவல்லி.
மூன்று வருடமாக அவர் தெரு வழியே நான் போவதில்லை.

"கமரு சொல்லிக்குடுத்தா," என்றார்,
"ஸ்கேன் சென்டர்ல பழக்கம்."
நான் ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றது.
அவர் அதற்குக் காத்திருக்கவில்லை.
"இந்தப் பையை ஆட்டோல வெச்சுடு.
ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கக்கூடாதாம்."

சட்டென்று குனிந்தேன், முதுகு வளைய, எல்லாரையும் போல.
இரண்டு விரல் என் முதுகில் தட்டியது.
"இடுப்பும்மா."

நிமிர்ந்தேன். மூச்சை விட்டேன்.
நடுச்சந்தையில் என் பீரோவைச் சாத்தினேன்.
பின்னால் வெங்காயக்காரர்
தராசை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார்.