இளஞ்சிவப்புக் கனூலா

கரண்ட் இல்லாத வருஷம் அது.
பெற்றோல் வரிசை மன்னார் வீதி வளைவுவரை நின்றது.
வவுனியாவில், தாதியர் விடுதியின் கடைசி அறையில்
ஆறு பேருக்கு ஒரு லாம்பு,
தலைக்கு ரெண்டு கனூலா.
திகதி முடிந்த பெட்டி. புனிதவதி மிஸ்
கையெழுத்து வாங்கி எண்ணித் தந்தா:
"வோட்டிலேயே இல்லைப் பிள்ளையள், பாத்துக் குத்துங்கோ."

முதலில் பப்பாசிக்குத்தான் ஊசி.
வங்காலைக் கொன்சலா பழத்தைத் தடவிச் சொல்லுவாள்,
"பயப்பிடாதேங்கோ அம்மா, எறும்பு கடிச்ச மாதிரித்தான்."
பிறகு வெட்டி, உப்பும் தூளும் போட்டுத் தின்றோம்.
ஊசி போன இடமெல்லாம் தண்ணி ருசி.

பழம் முடிய, கைகள் வந்தன.
ஊரில் நரம்பு என்போம், நாளம் என்று மிஸ் திருத்துவா.
சஹ்லாவின் நாளம் கண்டி வீதி,
கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.
பாரதிபுரத்து லோகேஸ்வரிக்கு அது
மழை பெய்த ஒழுங்கை.
டிலக்சி ரத்தம் கண்டால் மயங்குவாள்,
கதிரையில் இருத்திவிட்டுத்தான் தொடங்குவோம்.
என் கையைத் தட்டித் தட்டிக் களைத்தவர்கள் சொன்னார்கள்:
"உனக்கு ரத்தம் மல்லாவியிலயிருந்து பஸ்ஸில வரவேணும்,
அதுக்கும் டீசல் இல்லை."

சுகிர்தமலர் மட்டும் இடது கையைத் தரவில்லை.
வெக்கையிலும் முழுக்கைச் சட்டை.
எல்லாருடைய கையிலும் குத்துவாள்,
தன் பெட்டியைத் திறக்கவே மாட்டாள்.
கள்ளி என்றேன்.
நான்தான் சொன்னேன், வேறு யாருமில்லை.

மூன்று நாள் என் தேத்தண்ணிக் கோப்பை
கவிழ்ந்தே கிடந்தது.
ஆனால் சிரட்டைக்கரிப் பெட்டியில்
ஆறு யூனிபோமும் அழுத்தியிருந்தன, என்னுடையதும்.
என் கொலரில் மட்டும் கொஞ்சம் சாம்பல்.
வேணுமென்றுதான்.

செய்முறைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு.
என் ரெண்டும் பாழாகிக் குப்பைக்குள்.
லாம்போடு வந்து கட்டிலில் இருந்தாள்.
உறை பிரிக்காத ரெண்டு இளஞ்சிவப்புக் கனூலா.
சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள்.
"தட்டாதை. தடவு."

என் விரல் நடந்தது.
மணிக்கட்டுக்கு மேலே, பெருவிரல் பக்கமாய்,
பயற்றளவில் ஒன்று
நழுவி, பிறகு நின்றது.
"அது நாளமில்லை."
"தெரியும்."
"நரம்புமில்லை. சிலபஸில இல்லையடி அது.
ரெண்டு விரல் தள்ளிப் போ."

உடையார்கட்டு அவள் ஊர்.
இப்போது இருபத்திரண்டு வயது என்றால் அப்போது ஒன்பது.
கணக்கு எனக்கும் அதுதான்.
எங்கே நின்றாய் என்று
இந்த அறையில் ஒருத்தி ஒருத்தியைக் கேட்டதில்லை.

முதலாவது பிழைத்தது.
தோலுக்குள் நீலம் ஊறியது.
பஞ்சை அவளே அழுத்திக்கொண்டு சொன்னாள்,
"இன்னொண்டு இருக்கு."
கொன்சலா நித்திரையில் மருந்தளவு புலம்பினாள்,
எல்லாம் பிழை.
ரெண்டாவது.
கனூலாவின் வாலில்
ஒரு சொட்டுச் சிவப்பு ஏறி வந்து எட்டிப் பார்த்தது.

"வந்திட்டுது!"
நான் கத்திய கத்தில் நாலு பேரும் எழும்பி,
டிலக்சி பார்த்து, உடனே படுத்து,
மேற்றனின் செருப்புச் சத்தம் படியில் ஏற,
யாரோ லாம்பை ஊதி,
ஒரு நுளம்பு வலைக்குள் ஆறு பேர்.
கழற்றிய இடத்தில் என் கட்டைவிரல்.
சஹ்லா அஞ்சு நிமிஷத்தைச் செக்கன் செக்கனாய்
வாய்க்குள் எண்ணினாள்.
இருநூற்றிப் பத்தில் சுகிர்தா குசுகுசுத்தாள்:
"நாளைக்குப் பச்சைக் கனூலா தந்தால்
செத்தாய் நீ."

பச்சையேதான் தந்தார்கள்.
ஒரே குத்து.
மிஸ் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டா,
"ஆரில பழகினனீர்?"
"பப்பாசியில மிஸ்."

பின்வரிசையில் ஒருத்தி
இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.